விடுபட்ட துடிப்பு

ஆய்வேட்டில் எழுத இடமில்லாத ஒன்றை இங்கே எழுதிவைக்கிறேன். பதிவு நீளமானது, நேரம் உள்ளவர்கள் வாசியுங்கள். கால்நடை மருத்துவம் பயிலும் இளையவர்கள் சிலர் என் பதிவுகளைத் தொடர்ந்து வாசிக்கிறார்கள் என்பதால், என் பிழைகளை மெழுகாமல் எழுதுவதென்று முடிவுசெய்தேன்.

நெடுந்தூர ஓட்டப் போட்டிகளில் பங்குபெறும் குதிரைகளின் இதய இயக்கம் என் ஆய்வுப் பொருள். ராஜஸ்தானுக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. விடுமுறைக்கு ஊருக்குப் போனால், “குதிரைக்குக்கூட மாரடைப்பு வருமா?” என்று அத்தையும் சித்தப்பாவும் மாறி மாறிக் கேட்பார்கள். மனிதர்களுக்கு வருவதைப்போல் இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு வரும் மாரடைப்பு குதிரைகளிடம் மிக அரிது. குதிரையின் இதயம் கைவிடும் வழிகள் வேறு. வால்வு கசியலாம், துடிப்பின் ஒழுங்கு குலையலாம், அரிதாகப் பெருந்தமனியே கிழிந்துபோகலாம். இவற்றுள் எது தீங்கற்றது, எது ஆளைக் கொல்லக்கூடியது என்று பிரித்தறிவதுதான் எங்கள் வேலை. ஆளை என்றுதான் எழுதினேன். அரை டன் எடையுள்ள ஒரு விலங்கு ஓடும்போதே சரிந்து விழுந்தால் அதன் முதுகில் இருப்பவர் என்னாவார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

முதலில் அந்த இதயத்தைப் பற்றிக் கொஞ்சம். 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஏறத்தாழ 4 முதல் 5 கிலோ எடையில் இதயம் இருக்கும். ஓய்வில் அது நிமிடத்துக்கு 28 முதல் 40 முறைதான் துடிக்கும். அதே இதயம் முழு வேகத்தில் 220, 230 என்று எகிறும். ஓட்டம் தொடங்கியதும் மண்ணீரல் சுருங்கி, தான் சேமித்து வைத்திருந்த சிவப்பணுக்களை இரத்தத்தில் கொட்டும். ஓய்விலிருந்து உச்சத்துக்கு இத்தனை மடங்கு தாவும் இதயம் நாம் வீட்டில் வளர்க்கும் வேறெந்த விலங்குக்கும் இல்லை என்று நினைக்கிறேன். ஆகவே, நிற்கும் குதிரையின் மார்பில் காது வைத்துக் கேட்பது என்பது, அணைக்கட்டின் கொள்திறனை அதன் வாசற்படியில் நின்று ஊகிப்பதைப் போன்றது. என்றாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

இடது முன்னங்காலைச் சற்று முன்னே நகர்த்தி வைத்து, முழங்கைக்குப் பின்னே, தசைக்கு அடியில் ஸ்டெதாஸ்கோப்பை அழுத்திச் செருக வேண்டும். நாயிடம் இரண்டு ஒலிகள் கேட்கும். குதிரை அமைதியாக நின்றால் நான்கையும் கேட்கலாம். மேலறை சுருங்கும் மெல்லிய ஒலி, பிறகு லப், பிறகு டப், பிறகு கீழறை நிரம்பும் ஒரு முனகல். இந்த முதல் மெல்லிய ஒலியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுவதும் அதைச் சுற்றித்தான் நடக்கிறது.

வந்த முதல் ஆண்டில், ஒரு 60 கிலோமீட்டர் போட்டிக்கு முந்தைய நாள் பரிசோதனையில் உதவியாளராக நின்றேன். காது நுனிகள் இரண்டும் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும் அழகான மார்வாரிப் பொலிகுதிரை ஒன்று வந்தது. மூன்று துடிப்புகளுக்கு ஒருமுறை ஒரு துடிப்பு விடுபட்டது. அந்த இடைவெளி மிக நீண்டதாகத் தோன்றியது. என் இதயமும் கூடவே நின்றுவிட்டதோ என்று பட்டது. நாய்களிடமும் மாடுகளிடமும் கற்ற கல்வி எனக்கு. உடனே சொல்லிவிட்டேன், இந்தக் குதிரை ஓடக்கூடாதென்று. தலைமை மருத்துவர் வேறு வரிசையில் இருந்தார். உரிமையாளர் என்னை எதிர்த்துப் பேசவில்லை. படித்தவள் சொல்கிறாள் என்று நம்பி, குதிரையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

இரவு உணவின்போது என் வழிகாட்டியிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அந்த இடைவெளியில் என்ன கேட்டது?”

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். நன்கு பயிற்சிபெற்ற குதிரைகள் ஓய்வில் நிற்கும்போது, வேகஸ் நரம்பு இதயத்தை இழுத்துப் பிடித்திருக்கும். மேலறை சுருங்கும், அந்தக் கட்டளை கீழறைக்குப் போகாமல் நடுவழியில் நின்றுவிடும். இரண்டாம் நிலை ஏவி பிளாக் என்று மாணவர்கள் அறிவார்கள். கதவைத் தட்டும் ஓசை கேட்கிறது, யாரும் திறக்கவில்லை. அந்த இடைவெளியில் மெல்லிய முதல் ஒலி மட்டும் தனியே கேட்கும். குதிரையை 30 மீட்டர் ஓடவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தால் இடைவெளிகள் மறைந்து துடிப்பு சீராகிவிடும். மனிதருக்கு இந்த அளவில் வந்தால் கவலைப்படுவோம். குதிரைக்கு அது பெரும்பாலும் உடற்தகுதியின் அடையாளம். நான் திருப்பி அனுப்பியது அன்று வந்தவற்றில் மிகச் சிறந்த குதிரையாகக்கூட இருந்திருக்கலாம்.

மறுநாள் உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை மேடம், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்” என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

இங்கே சற்று விலகிப் போக அனுமதியுங்கள். குதிரையின் இதயத்தை ஓர் எண்ணில் அடக்கிவிடும் ஆசை புதிதன்று. ஆஸ்திரேலியப் பந்தயக் குதிரை ஃபார் லேப் 1932-இல் இறந்தபோது அதன் இதயத்தை எடுத்து வைத்தார்கள். 6 கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்த இதயம் இன்றும் கான்பெராவின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரிய இதயம், பெரிய வெற்றி என்ற எண்ணம் அங்கிருந்தே பலருக்கும் பிடித்துப்போயிற்று. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிட்னியைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்டீல், ஈசிஜியில் கீழறை அலையின் கால அளவை எடுத்து ‘ஹார்ட் ஸ்கோர்’ என்ற ஒன்றை முன்வைத்தார். அந்த அலை எவ்வளவு அகலமோ இதயம் அவ்வளவு பெரிது, குதிரை அவ்வளவு வெல்லும் என்பது கணக்கு. குதிரை வாங்குவோர் பலகாலம் அதை நம்பினார்கள். ஆனால் குதிரையின் இதயத்தில் மின்னோட்டத்தைக் கடத்தும் இழைகள் கீழறைச் சுவரின் உள்ளே ஆழமாக ஊடுருவி நிற்கின்றன. தசையின் பெரும்பகுதி ஏறத்தாழ ஒரே கணத்தில் தூண்டப்படுவதால், அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. எனவே ஈசிஜியின் வடிவத்தைக் கொண்டு குதிரை இதயத்தின் அளவை மனித இதயத்தின் அளவைப்போல் கணிக்க இயலாது. அளவு வேண்டுமென்றால் எக்கோதான். அதற்கும், ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் ஆழம் வரை ஊடுருவும் தாழ்ந்த அதிர்வெண் கருவி வேண்டும். ஈசிஜி சொல்வது ஒழுங்கைப் பற்றி. அதில் மட்டும் அது பொய் சொல்வதில்லை, நாம் பார்த்தால்.

நாம் பார்த்தால் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு.

முதல் பிழைக்குப் பிறகு நான் அதே பாடத்தை நூறு முறை படித்தேன். விடுபட்ட துடிப்பைக் கேட்டு அஞ்சும் இளநிலை மாணவர்களுக்கு, “பயப்படாதே, ஏவி பிளாக்தான்” என்று முதுகில் தட்டிச் சொல்லும் அளவுக்குத் தேறினேன். துறையில் என்னை ‘இதயக்காரி’ என்று அழைக்கத் தொடங்கினார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம் ஆண்டு, ஒரு 40 கிலோமீட்டர் போட்டி. முந்தைய மாலை பரிசோதனை. வரிசை நீண்டு, வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை ஒன்றை ஒரு சிறுமி நடத்திக்கொண்டு வந்தாள். வயது பதினாறு என்றாள். அதற்கும் குறைவாகத் தெரிந்தாள். குதிரைக்கு வயது 14. ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவிலிருந்து லாரியில் வந்திருந்தார்கள். அவளுடைய தாத்தா தலைப்பாகையைச் சரிசெய்தபடி சற்றுத் தள்ளி நின்றார். நாடித்துடிப்பு 38. நடுவே இடைவெளிகள். காது பழகியிருந்தது, மனம் உடனே பெயர் சூட்டிவிட்டது. தலைமை மருத்துவரிடம், “ஓய்வில் ஏவி பிளாக் சார், ஒன்றுமில்லை” என்றேன். அவர் என்னை நம்பித் தலையசைத்தார். நடை பார்ப்பதற்காகக் குதிரையை ஓடவிட்டார்கள். கால்கள் சீராக இருந்தன. ஓடி வந்த பிறகு மீண்டும் இதயத்தைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் ஆய்வுக்காக ஒவ்வொரு குதிரையிடமும் எடுக்கும் முப்பது நொடி ஈசிஜியைக் கைபேசிக் கருவியில் எடுத்துக்கொண்டு, “ஆல் த பெஸ்ட்” என்று சொல்லி அவளை அனுப்பினேன்.

தங்கும் அறையில் இரவு பதினொன்றரை மணிக்குத் தரவுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அவளுடைய குதிரையின் பதிவு வந்தது. ஏவி பிளாக் என்றால் இடைவெளிகளில் மேலறையின் சிறிய அலை தனித்து நிற்க வேண்டும். இங்கே அப்படி எந்த அலையும் இல்லை. இடைவெளியில் மட்டுமன்று, எங்குமே இல்லை. அடிக்கோடு முழுவதும் நுண்ணிய நடுக்கம். கீழறை அலைகள் எந்தக் கணக்குக்கும் உட்படாமல், ஒன்று அருகிலும் ஒன்று தொலைவிலுமாகச் சிதறிக் கிடந்தன. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மேலறை சுருங்கவில்லை, நடுங்கிக்கொண்டிருக்கிறது. குதிரையின் ஓட்டத்திறனைக் கெடுக்கும் ஒழுங்குக் குலைவுகளில் மிகுதியாகக் காணப்படுவது இதுதான் என்று என் ஆய்வுத் திட்ட அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன்.

மாலையில் அந்த இடைவெளிகளில் மெல்லிய முதல் ஒலி கேட்டதா என்று நினைவைத் துழாவினேன். கேட்டதாகத்தான் தோன்றியது. கேட்டிருக்க முடியாது. எதிர்பார்த்ததைக் காது தானே உண்டாக்கிக்கொண்டது.

இந்தக் குறைபாட்டின் கொடுமை, ஓய்வில் அது அமைதியாக இருக்கும் என்பதே. வேறு இதயநோய் இல்லாத குதிரையிடம் ஓய்வுத் துடிப்பின் எண்ணிக்கை இயல்பாகவே இருக்கும். மேய்கிறது, நடக்கிறது, மெல்ல ஓடுகிறது, எதுவும் தெரியாது. வேகம் கூடும்போது, மேலறையின் கட்டுப்பாடு இல்லாத கீழறை தேவைக்கு மீறி எகிறும். சில குதிரைகளில் அந்நிலையில் கீழறையிலிருந்தே முறைதவறிய துடிப்புகள் புறப்படும். மயங்கி விழுவது அங்கேதான் நேர்கிறது. எல்லாக் குதிரைகளுக்கும் அன்று. எந்தக் குதிரைக்கு என்பது ஓடவிட்டுப் பதிவுசெய்தால்தான் தெரியும்.

புறப்பாடு காலை ஆறு மணிக்கு. நான்கரைக்குத் தலைமை மருத்துவரை எழுப்பினேன். எழுப்பும் முன் வாசலில் ஐந்து நிமிடம் நின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 40 கிலோமீட்டர்தானே, மெதுவான பிரிவுதானே, இடைநிறுத்தத்தில் நிமிடத்துக்கு 64-க்குள் துடிப்பு இறங்காவிட்டால் விதியே அதை வெளியேற்றிவிடுமே என்றெல்லாம் மனம் எனக்காக வழக்காடியது. அவர் கதவைத் திறந்து, திரையைப் பார்த்து, ஒரு சொல்கூடச் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டார்.

கைவிளக்கு வெளிச்சத்தில் குதிரையை ஓடவிட்டுக் கேட்டோம். சீராகவில்லை. 110, 130 என்று தாறுமாறாக அடித்தது. தலைமை மருத்துவர் பட்டியலில் அதன் எண்ணை அடித்தார். சிறுமி அதற்குள் சேணம் பூட்டி, எண் பொறித்த மேலங்கியை அணிந்திருந்தாள்.

தாத்தா என்னிடம் வந்தார். “நேற்று சரியென்று சொன்னவர் நீங்கள்தானே, டாக்டர் மேடம்?”

“நான்தான், தாதாஜி. நான் தவறாகக் கேட்டுவிட்டேன்.”

“இன்று தவறாகக் கேட்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?”

அந்தக் கேள்விக்கு நியாயமான விடை என்னிடம் இல்லை. ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துச் சிறுமியின் காதில் மாட்டினேன். மேடையில் தபலா வாசிப்பவரின் கையை உற்றுக் கவனிப்பவள்போல் அவள் ஒரு நிமிடம் அசையாமல் கேட்டாள். பிறகு தாத்தாவிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னாள். “தாளம் இல்லை என்கிறாள்” என்றார் அவர். பிறகு எதுவும் பேசவில்லை.

அடுத்த வாரம் எங்கள் துறைக்கு அந்தக் குதிரை வந்தது. எக்கோவில் இடது மேலறை பெருத்திருக்கவில்லை. மைட்ரல் வால்வில் சிறு கசிவு மட்டும். நல்ல செய்திதான். உடலில் கருவி கட்டி ஓடவிட்டு எடுத்த ஈசிஜி நல்ல செய்தி அன்று. பாய்ச்சலில் துடிப்பு 220-ஐத் தாண்டியது. நடுநடுவே அகலமான, அந்நியமான அலைகள் இரண்டிரண்டாக வந்தன. உடனே நிறுத்தினோம்.

சிகிச்சைக்கு இரண்டு வழிகள். மேலறைக்குள் மின்முனை செலுத்தி அதிர்ச்சி கொடுப்பது ஒன்று. எங்களிடம் அந்த வசதி இல்லை. மற்றொன்று குவினிடின். சின்கோனா மரப்பட்டையில் குவினைனுக்கு உடன்பிறப்பாக இருக்கும் மருந்து அது. நீலகிரியில் 1860-களில் மலேரியாவை நினைத்து நட்ட மரங்களின் பட்டை, மார்வார் குதிரையின் இதயத்துக்கும் ஆகும் என்பது என்னை அந்த நாட்களிலும் வியக்கவைத்தது. மருந்து கைக்கு வர மூன்று வாரம் ஆயிற்று. மூக்கு வழியே குழாய் விட்டு இரண்டு மணிக்கொரு முறை கொடுத்தோம். மூன்றாம் தவணைக்குப் பின் ஈசிஜி அலை அகலத் தொடங்கியது, நச்சுத்தன்மையின் அடையாளம். நிறுத்திவிட்டோம். ஒழுங்கு திரும்பவில்லை. குலைவு அண்மையில் தொடங்கியிருந்தால் வாய்ப்பு அதிகம். இதற்கு எப்போது தொடங்கியதோ, யாரும் கேட்டுப் பார்த்ததில்லை.

“செத்துவிடுமா?” என்று கேட்டார் தாத்தா. அமைதியாக வைத்திருந்தால் பல ஆண்டுகள் இருக்கலாம் என்றேன். “அப்படியென்றால் பேத்தி மெதுவாக ஏறிப் போகலாமே. எழுதிக் கொடுங்கள்.”

2014-இல் அமெரிக்க, ஐரோப்பிய வல்லுநர் அமைப்புகள் இணைந்து வெளியிட்ட ஒருமித்த அறிக்கை ஒன்று உண்டு. இத்துறையில் அதைத்தான் கைநூலாகக் கொள்கிறோம். சில வகை இதயக் குறைபாடுகள் உள்ள குதிரைகளில், ஆபத்தை அறிந்த, வயதுவந்த ஒருவர் மட்டுமே சவாரி செய்யலாம் என்று அது சொல்கிறது. வாசித்தபோது இதை ஒரு சட்டத் தற்காப்புச் சொற்றொடர் என்றே எண்ணிக் கடந்துபோனேன். இப்போது அந்த ஒவ்வொரு சொல்லுக்கும் முகம் வந்துவிட்டது. தாத்தாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. வீட்டில் வேறு யாரும் ஏறுவதில்லை. ஏறுபவள் வயதுவந்தவள் அல்லள். ஓட்டப் பதிவில் கண்ட அலைகளுக்குப் பின் வயதுவந்தவருக்கே நான் எழுதிக் கொடுத்திருக்க மாட்டேன். மறுத்தேன்.

ஒரு மாதம் கழித்துத் தாத்தா மீண்டும் அழைத்தார். சாம்பல் நிறப் பெட்டைக்குத் திருமண ஊர்வலத்தில் நல்ல வாடகை கிடைக்குமாம். நடைதானே, ஓட்டமில்லையே என்றார். பட்டாசும் பேண்டு வாத்தியமும் அரண்ட குதிரையின் துடிப்பை நொடியில் எங்கே கொண்டுபோகும் என்பதை விளக்கினேன். ஆபத்தை அறியாத வயதுவந்தவருக்கு மணமாலையோடு குதிரைமேல் அமர்ந்திருக்கும் மாப்பிள்ளையைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இருக்க முடியாது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தீவனத்துக்கு மாதம் எவ்வளவு ஆகிறது தெரியுமா என்று கேட்டார். தெரியும். அதற்கு என் துறையிடம் மருந்து இல்லை.

நியாயத்துக்காக மறுபக்கத்தையும் எழுத வேண்டும். எல்லாவற்றையும் பரிசோதித்தாலும் தப்பிப்போவது உண்டு. 2008 ஒலிம்பிக்கில் எரிக் லமாஸுக்குத் தங்கம் வென்று தந்த ஹிக்ஸ்டெட் என்ற குதிரை, 2011 நவம்பரில் வெரோனாவில் தடைதாண்டும் சுற்றை முடித்த சில நொடிகளில் சரிந்து இறந்தது. பெருந்தமனி கிழிந்திருந்தது. உலகின் மிகச் சிறந்த கவனிப்பில் இருந்த குதிரைகளுள் ஒன்று அது. அத்தகைய கிழிவை முன்கூட்டியே காட்டும் எளிய சோதனை எதுவும் களத்தில் நம் கையில் இல்லை. ஆகவே, ஒரு குதிரைக்கு ‘தகுதி’ என்று கையெழுத்திடும்போது இதயத்துக்கு உத்தரவாதம் தருவதாக நான் நினைப்பதில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டேன், ஓடவிட்டு மறுபடியும் கேட்டேன் என்று மட்டுமே அந்தக் கையெழுத்து சொல்ல முடியும். அன்று மாலை என் கையெழுத்து அதைக்கூடச் சொல்லவில்லை.

என் தரவுப் படிவத்தில் குதிரையின் வயது, இனம், எடை, பயிற்சி நாட்கள், துடிப்பு, கசிவு எல்லாவற்றுக்கும் கட்டங்கள் இருந்தன. சவாரி செய்பவருக்கு ஒரு கட்டமும் இல்லை. சென்ற பருவத்தில் ஒன்றைச் சேர்த்தேன்: சவாரியாளரின் வயது. ஆய்வுக்குழுக் கூட்டத்தில் ஒருவர், இது குதிரையின் இதயத்தோடு தொடர்புடைய மாறியா என்று கேட்டார். புள்ளியியல்படி அவர் கேட்டது சரி. கட்டத்தை எடுக்கவில்லை.

சாம்பல் குதிரை இப்போது அவர்கள் வீட்டுப் பின்புறத்தில் நிற்கிறது. வாடகைக்குப் போகவில்லை, எவ்வளவு காலத்துக்கு என்று எனக்குத் தெரியாது. என் பழைய ஸ்டெதாஸ்கோப்பை அந்தச் சிறுமிக்கு அனுப்பிவைத்தேன். ஞாயிறுதோறும் ஒரு நிமிடம் முழுதாக எண்ணி எனக்குச் செய்தி அனுப்புகிறாள். கடந்த ஞாயிறு 36. “தாளம் இன்னும் இல்லை, தீதி” என்று எழுதியிருந்தாள்.